இயல்பாக வரும் திறமையை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி: மரபுத்தொடர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என்னிடம் ஆங்கிலம் பழகிய ஒருவர், வேலை விண்ணப்பத்தில் 'ஐ ஆம் எ பீஸ் ஆஃப் கேக் இன் அக்கவுண்ட்ஸ்' என்று எழுதிக்கொண்டு வந்து காட்டினார். கணக்கு எனக்கு ஜுஜுபி என்பதுதான் அவர் சொல்ல நினைத்தது. எழுதியது என்னவோ, கணக்கு விஷயத்தில் நான் ஒரு ஜுஜுபி என்று. தொடரின் பொருள் அவருக்கு நன்றாகவே தெரியும், பட்டியல் வைத்து மனப்பாடம் செய்திருந்தார். அதை எதன்மேல் ஏற்றிச் சொல்வது என்பது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

திறமையையும் எளிமையையும் பற்றிய ஆங்கிலத் தொடர்களில் ஏறக்குறைய எல்லோரும் இடறுவது இந்த மாதிரி இடங்களில்தான். அதனால் பொருள் பட்டியலாகத் தராமல், ஒரு வாக்கியம் அமைக்கும்போது எந்த முடிவை முதலில் எடுக்க வேண்டும், எதை அடுத்து என்ற வரிசையில் போகிறேன். வரிசை மாறினால் குழப்பம்தான். ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். இவை காதில் நின்றால்தான் வாயில் வரும் என்பதால், படிக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

1. உட்காரும் முன் தேவையானவை

முதலில் பத்துத் தமிழ் வாக்கியங்கள். உங்களுக்குத் தெரிந்தவர்களைப் பற்றி, நீங்கள் நிஜமாகவே சொல்லக்கூடியவை. 'என் தங்கையிடம் எந்தக் குழந்தையும் உடனே ஒட்டிக்கொள்ளும்.' 'ஒருமுறை கேட்ட பெயரை எங்கள் மேலாளர் மறப்பதே இல்லை.' 'எனக்கும் ஆட்டத்துக்கும் வெகுதூரம்.' இப்படி. ஆள் இல்லாமல் மனப்பாடம் செய்த தொடர் பரீட்சையோடு போய்விடும். தங்கையின் முகத்தோடு ஒட்டிய தொடர் தங்கும்.

அடுத்தது, கற்பவர்களுக்கான அகராதி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றுமே கற்பவர்களுக்கென்று தனி அகராதி போட்டிருக்கின்றன. மூன்றையும் இணையத்தில் காசு கொடுக்காமல் பார்க்கலாம். இவற்றில் எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கும். 'இன்ஃபார்மல்' (சாதாரணப் பேச்சுக்கு), 'டிஸ்அப்ரூவிங்' (குறை சொல்லும் தொனி) போன்ற குறிப்புகளும் இருக்கும். பொருளைவிட அந்தக் குறிப்புதான் உங்களைப் பலமுறை காப்பாற்றும்.

கடைசியாக ஒரு நோட்டு. ஒரு தொடருக்கு ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். வெறும் தொடரை மட்டும் எழுதி வைக்காதீர்கள், காரணம் மூன்றாவது படியில் தெரியும்.

2. அந்த எளிமை எங்கிருந்து வருகிறது?

எல்லாவற்றுக்கும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒருவர் ஒரு காரியத்தை அனாயாசமாகச் செய்கிறார் என்றால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். பிறவியிலேயே வந்தது, பழகிப் பழகி வந்தது, அல்லது காரியமே சுலபமானது. ஆங்கிலம் இந்த மூன்றுக்கும் வேறு வேறு தொடர்களை மூன்று கூடைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் இலக்கணம் சரியாக இருந்தாலும் பேச்சு இடிக்கும்.

பிறவியில் வந்ததற்கு: 'ஷீ இஸ் எ நேச்சுரல்', 'ஹி இஸ் எ பார்ன் டீச்சர்', 'இட்ஸ் இன் ஹெர் ப்ளட்', 'இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி', 'இட் கம்ஸ் நேச்சுரலி டு ஹிம்'. நாம் 'கருவிலே திருவுடையார்' என்று சொல்லும் இடம்.

பழக்கத்தில் வந்ததற்கு: 'இட்ஸ் செகண்ட் நேச்சர் டு ஹெர்', 'ஐ குட் டூ இட் இன் மை ஸ்லீப்', 'ஷீ இஸ் அன் ஓல்ட் ஹேண்ட் அட் திஸ்', 'ஹி ஹேஸ் காட் இட் டவுன் டு எ ஃபைன் ஆர்ட்'. 'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்று ஔவை பாடியது இந்தக் கூடையில் விழும். 'செகண்ட் நேச்சர்' என்பதில் 'நேச்சர்' இருப்பதால் பலர் இதைப் பிறவிக் குணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 'செகண்ட்' என்ற சொல்லைக் கவனியுங்கள். முதலில் இல்லாமல் இருந்து, பழக்கத்தால் இரண்டாவதாக வந்து ஒட்டிக்கொண்ட இயல்பு அது. கியர் மாற்றுவது யாருக்கும் பிறவியில் வருவதில்லை, ஆனால் பத்து வருடம் ஓட்டியவருக்கு அது 'செகண்ட் நேச்சர்'.

காரியமே சுலபம் என்பதற்கு: 'இட்ஸ் எ பீஸ் ஆஃப் கேக்', 'இட் வாஸ் எ ப்ரீஸ்', 'இட்ஸ் சைல்ட்ஸ் ப்ளே', 'இட்ஸ் எ வாக் இன் த பார்க்', 'இட்ஸ் நாட் ராக்கெட் சயின்ஸ்'. இவற்றில் ஆளே இல்லை. வேலையைப் பற்றித்தான் பேச்சு. விண்ணப்பக்காரர் வழுக்கியது இங்கேதான்.

நமக்கு மட்டும் ஏன் இந்தக் குழப்பம் என்றால், தமிழில் 'கைவந்த கலை' என்ற ஒரே தொடர் முதல் கூடைக்கும் இரண்டாம் கூடைக்கும் பொதுவாக ஓடுகிறது. பிறவிப் பாடகரையும் சொல்லலாம், முப்பது வருடம் தைத்தவரையும் சொல்லலாம். ஆங்கிலத்தில் பேசும்போது எது என்று முடிவு செய்தே ஆக வேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. 'இலக்கணம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு' என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது, இரண்டிலும் தண்ணீர் இருக்கிறதே என்று 'லைக் எ டக் டு வாட்டர்' போட்டுவிடுகிறார்கள். தண்ணீர் ஒன்றுதான், விஷயம் வேறு. தண்ணீர் பட்ட பாடு என்றால் முழுக்கப் பழகி அத்துப்படியானது. வாத்துத் தொடர் தொடக்கத்தைப் பற்றியது: புதிதாக ஒன்றில் இறங்கியவர், முதல் நாளே வாத்து தண்ணீரில் இறங்குவது போலச் சிரமமில்லாமல் ஒட்டிக்கொண்டார் என்பது. இருபது வருட அனுபவசாலியைப் பற்றி இன்று அதைச் சொன்னால் பொருந்தாது. அவர் சேர்ந்த புதிதில் எப்படி இருந்தார் என்று சொல்லலாம்.

அதேபோல 'மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத் தர வேண்டுமா' என்பதற்கும் வாத்து சரிவராது. அங்கே அழுத்தம் பரம்பரையின்மேல். 'இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி', அல்லது 'இட்ஸ் இன் ஹிஸ் ப்ளட்'.

உங்கள் பத்து வாக்கியங்களையும் எடுத்து ஒவ்வொன்றின் ஓரத்திலும் 1, 2, 3 என்று கூடை எண் போடுங்கள். எண் போட முடியாமல் தயங்கும் வாக்கியம் இருந்தால் தமிழிலேயே நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று அர்த்தம். அதை முதலில் தீருங்கள்.

3. எழுவாய் யார்?

கூடை முடிவானதும் அடுத்தது இது. தமிழில் நமக்குப் பெரும்பாலும் ஒரே அமைப்புத்தான்: 'அவனுக்கு நீச்சல் வரும்', 'அவளுக்கு அந்த நேக்கு உண்டு', 'எனக்கு இது சுலபம்'. ஆள் 'கு' உருபோடுதான் நிற்பார். ஆங்கிலத்தில் பாதித் தொடர்களில் ஆளே எழுவாய், மீதிப் பாதியில் திறமையோ வேலையோ எழுவாய்.

ஆள் எழுவாயாக வருபவை 'ஹேஸ்', 'இஸ்', 'டுக் டு' போன்ற வினைகளோடு வரும். 'ஷீ ஹேஸ் எ நேக் ஃபார் ரிமெம்பரிங் நேம்ஸ்.' 'ஹி இஸ் எ நேச்சுரல்.' 'ஷீ டுக் டு டீச்சிங் லைக் எ டக் டு வாட்டர்.'

திறமை எழுவாயாக வருபவை: 'சிங்கிங் கம்ஸ் நேச்சுரலி டு ஹெர்.' 'டிரைவிங் இஸ் செகண்ட் நேச்சர் டு மீ.' 'த டெஸ்ட் வாஸ் எ பீஸ் ஆஃப் கேக்.'

இரண்டாவது வகை நமக்குச் சுலபமாக இருக்க வேண்டும். 'பாட்டு அவளுக்குத் தானாக வரும்' என்பதை அப்படியே பிரதி எடுத்தது போலத்தான் 'சிங்கிங் கம்ஸ் நேச்சுரலி டு ஹெர்' இருக்கிறது. 'வரும்', 'கம்ஸ்'. 'அவளுக்கு', 'டு ஹெர்'. ஆனாலும் பள்ளியில் 'வாக்கியத்தை ஆளில் தொடங்கு' என்று பழக்கிவிட்டதால், 'ஷீ கம்ஸ் நேச்சுரலி இன் சிங்கிங்' என்று எழுதிவிடுகிறோம். தமிழ் கை கொடுக்கும் அபூர்வமான இடம் இது, விட்டுவிடாதீர்கள்.

நோட்டில் முழு வாக்கியமாக எழுதச் சொன்னது இதற்காகத்தான். 'பீஸ் ஆஃப் கேக் = சுலபம்' என்று எழுதி வைத்தால் எழுவாய் யார் என்பது தொலைந்துபோகும்.

4. ஒட்டிக்கொண்டே வரும் சின்னச் சொல்

'நேக்', 'கிஃப்ட்', 'டேலண்ட்', 'ஃப்ளேர்', 'ஐ' (கண்), 'இயர்', 'நோஸ்', 'ஹெட்' எல்லாவற்றுக்கும் பின்னால் 'ஃபார்' போடலாம். 'இன்' போடுவது நம் பழக்கம், 'கணக்கில் திறமை' என்பதில் உள்ள 'இல்' இழுத்துக்கொண்டு வருவது. 'டேலண்ட் இன் மியூசிக்' என்றுகூட ஓரளவு தப்பித்துவிடலாம். 'நேக் இன்' என்றால் மாட்டிக்கொள்வீர்கள். எது தாங்கும், எது தாங்காது என்று யோசிப்பதைவிட எல்லாவற்றுக்கும் 'ஃபார்' என்று பழகுவது பத்திரம்.

'ஃபார்' பின்னால் வினை வந்தால் 'இங்' சேர்ந்து வரும்: 'எ நேக் ஃபார் ஸ்பாட்டிங் மிஸ்டேக்ஸ்'. 'பார்ன்' மட்டும் வேறு. 'ஷீ வாஸ் பார்ன் டு லீட்', அங்கே 'லீடிங்' வராது.

'வே' என்ற சொல் 'வித்' எடுக்கும்: 'ஷீ ஹேஸ் எ வே வித் சில்ட்ரன்', 'ஹி ஹேஸ் எ வே வித் வேர்ட்ஸ்'. மேலே சொன்ன தங்கைக்கு இதுதான் அச்சாகப் பொருந்தும். குழந்தைகள், மிருகங்கள், சொற்கள் இவற்றோடு நிறைய வரும். இயந்திரங்களோடு அவ்வளவாக வராது.

வாத்துத் தொடரில்தான் அதிகம் பேர் ஒரு துண்டைத் தவறவிடுகிறார்கள். 'ஷீ டுக் லைக் எ டக் டு வாட்டர்' என்று நிறுத்தினால் எதில் இறங்கினாள் என்பதே இல்லை. 'டுக் டு' என்பதற்குப் பின் அந்த விஷயம் வர வேண்டும். பெயர் சொல்ல வேண்டாம் என்றால் குறைந்தது ஒரு 'இட்': 'ஷீ டுக் டு இட் லைக் எ டக் டு வாட்டர்'. ஆக இரண்டு 'டு'. ஒன்று குறைந்தால் தொடர் நொண்டும்.

எழுத்தில் இரண்டு எச்சரிக்கை. 'நேக்' உச்சரிப்பில் இல்லாத 'கே' எழுத்தோடு தொடங்கும். பொருளுக்கு, 'நேக்காக முடித்துவிட்டான்' என்று நாம் பேச்சில் சொல்வதை நினைவில் வைத்தால் போதும், ஏறக்குறைய அதேதான். 'ஃப்ளேர்' எழுதும்போது நடுவில் 'ஏ, ஐ' வர வேண்டும். 'ஐ' இல்லாமல் கடைசியில் 'ஈ' போட்டு எழுதினால் அது தீச்சுடர். எழுத்துப்பிழை திருத்தி இதைப் பிடிக்காது, இரண்டும் சரியான சொற்கள்.

5. கண், காது, மூக்கு, தலை: எல்லாம் ஒருமையில்

திறமையைச் சொல்ல ஆங்கிலம் உடம்பைத்தான் அதிகம் பயன்படுத்துகிறது. 'அன் ஐ ஃபார் டீடெய்ல்' என்றால் சின்னச் சின்ன விஷயமும் கண்ணில் படும். 'அன் இயர் ஃபார் லேங்குவேஜஸ்' என்றால் மொழியின் ஓசை காதில் சட்டென்று பிடிபடும். 'எ நோஸ் ஃபார் ட்ரபிள்' என்றால் வம்பு எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடித்துவிடுவார். 'எ ஹெட் ஃபார் ஃபிகர்ஸ்' என்றால் மனக்கணக்கில் கெட்டி. 'எ ஹெட் ஃபார் ஹைட்ஸ்' என்றால் உயரத்தில் நின்றாலும் தலை சுற்றாது. அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இவற்றில் உறுப்பு ஒருமையில் இருக்கும், முன்னால் 'எ' அல்லது 'அன்' இருக்கும். இரண்டு கண்தானே என்று பன்மையாக்கினால் கதையே மாறும். 'ஹி ஹேஸ் அன் ஐ ஃபார் கலர்' என்றால் நிறத்தேர்வில் நுட்பமானவர். 'ஹி ஒன்லி ஹேஸ் ஐஸ் ஃபார் ஹெர்' என்றால் அவர் காதலில் விழுந்திருக்கிறார். 'ஐ ஆம் ஆல் இயர்ஸ்' என்றால் சொல்லுங்கள், ஆவலாகக் கேட்கிறேன் என்று அர்த்தம். இசைஞானத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சின்னச் சொல் மாறினாலும் அப்படித்தான். 'ஐ ஃபார்' திறமை, 'ஐ ஆன்' கண்காணிப்பு. 'ஹி ஹேட் எ ஹேண்ட் இன் இட்' என்றால் அதில் அவர் பங்கும் இருந்தது என்று பொருள். ஒரு நல்ல காரியத்தைப் பற்றிப் பேசும்போது பரவாயில்லை, காணாமல்போன பணத்தைப் பற்றிப் பேசும்போது யோசித்துச் சொல்லுங்கள்.

தோட்டத்துக்கு மட்டும் விதிவிலக்கு, அதுவும் நாட்டுக்கு நாடு மாறும். செடி எதை வைத்தாலும் துளிர்க்கும் கைக்கு பிரிட்டனில் 'க்ரீன் ஃபிங்கர்ஸ்', பன்மை, முன்னால் 'எ' கிடையாது. அமெரிக்காவில் 'எ க்ரீன் தம்ப்', ஒருமை, 'எ' உண்டு. நாம் 'கைராசி' என்று சொல்லும் இடத்தில் ஒன்று.

6. தூக்கத்தில் செய்பவை

'ஐ குட் டூ இட் இன் மை ஸ்லீப்', 'வித் மை ஐஸ் க்ளோஸ்டு', 'வித் ஒன் ஹேண்ட் டைட் பிஹைண்ட் மை பேக்'. மூன்றும் ஒரே குடும்பம். மூன்றுக்கும் 'குட்' அல்லது 'கேன்' வேண்டும். காரணம் எளிது: நீங்கள் அப்படிச் செய்யவில்லை, அப்படியும் செய்ய முடியும் என்கிறீர்கள். 'ஹி டிட் த அக்கவுண்ட்ஸ் இன் ஹிஸ் ஸ்லீப்' என்றால் கேட்பவர் தூக்கத்தில் நடக்கும் வியாதியையோ, அவர் கணக்கைக் கவனமில்லாமல் போட்டதையோ நினைப்பார். 'தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்' என்பதில் இருக்கும் அந்த 'கேட்டாலும்' செய்யும் வேலையைத்தான் அங்கே 'குட்' செய்கிறது.

நடந்து முடிந்ததைச் சொல்ல வேண்டுமானால் 'வித்அவுட் ப்ரேக்கிங் எ ஸ்வெட்' பயன்படும்: 'ஷீ ஃபினிஷ்டு இட் வித்அவுட் ப்ரேக்கிங் எ ஸ்வெட்'. வியர்வைகூடச் சிந்தாமல். பரீட்சை, நேர்முகம் போன்றவற்றுக்கு 'ஷீ செய்ல்டு த்ரூ இட்', 'ப்ரீஸ்டு த்ரூ இட்'. நாம் 'ஊதித் தள்ளிவிட்டாள்' என்பது போல.

'ஹேண்ட்ஸ் டவுன்' மட்டும் கொஞ்சம் தனி. குதிரைப் பந்தயத்தில் வெகுதூரம் முந்திவிட்ட ஜாக்கி, இனி விரட்ட வேண்டியதில்லை என்று கையைத் தளர்த்திக் கீழே இறக்கிவிடுவார். அதிலிருந்து வந்தது. அதனால் போட்டியோ ஒப்பீடோ இருக்கும் இடத்தில்தான் வரும்: 'ஷீ வான் ஹேண்ட்ஸ் டவுன்', 'ஹேண்ட்ஸ் டவுன் த பெஸ்ட்'. 'ஐ குக் ஹேண்ட்ஸ் டவுன்' என்று தனியாகச் சமைக்க முடியாது.

7. பாராட்டா, குத்தலா?

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு நானே மாட்டியிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் விடைபெற்றுப் போன ஒருவருக்கான அட்டையில் 'யூ ஹேவ் த கிஃப்ட் ஆஃப் த கேப்' என்று எழுதினேன். பேச்சாற்றல் மிக்கவர் என்ற எண்ணத்தில்தான். மறுநாள் அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: 'அப்போ இத்தனை வருஷம் நான் பேசிக்கிட்டு மட்டும்தான் இருந்தேனா?' அகராதிப்படி அது பேச்சுத்திறமைதான். ஆனால் 'வாயாலேயே சமாளித்துவிடுவார்' என்ற வாடையும் அதில் ஒட்டியிருக்கிறது. 'யூ ஹேவ் எ வே வித் வேர்ட்ஸ்' என்று எழுதியிருந்தால் வம்பே இல்லை.

உழைத்து வந்தவரிடம் பிறவித் திறமைத் தொடரைச் சொல்வதும் அப்படித்தான். இருபது வருடம் சாதகம் செய்த ஒருவரிடம் 'இட் கம்ஸ் ஸோ நேச்சுரலி டு யூ' என்றால், அந்த இருபது வருடத்தையும் நீங்கள் துடைத்துப் போட்டுவிட்டீர்கள். அங்கே 'யூ மேக் இட் லுக் ஈஸி' சொல்லுங்கள். வேலை கடினம் என்பதையும், அவர் கையில் அது சுலபமாகத் தெரிகிறது என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். எந்தக் கூடை என்று தெரியாத ஆளிடம் எனக்கு இதுதான் கைத்தடி.

மூன்றாம் கூடைத் தொடர்களைத் திணறிக்கொண்டிருப்பவரிடம் சொல்லாதீர்கள். உதவி கேட்டு வந்தவரிடம் 'இட்ஸ் எ பீஸ் ஆஃப் கேக்' என்றால் தைரியம் சொல்வது போல உங்களுக்குத் தோன்றும், 'இதுகூடத் தெரியாதா' என்று அவர் காதில் விழும். 'இட்ஸ் நாட் ராக்கெட் சயின்ஸ்' இன்னும் மோசம்.

உங்களைப் பற்றி நீங்களே சொல்லும்போது 'ஐ ஹேவ் எ நேக் ஃபார்' தாங்கும். 'ஐ சீம் டு ஹேவ் எ நேக் ஃபார்' என்றால் தன்னடக்கமும் சேர்ந்துவிடும். 'ஐ ஆம் எ நேச்சுரல்' பீற்றல். நேர்முகத் தேர்வில் 'ஐ குட் டூ திஸ் ஜாப் இன் மை ஸ்லீப்' என்றால், இவருக்கு இந்த வேலை சீக்கிரம் சலித்துவிடும் என்று எதிரே இருப்பவர் எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். விண்ணப்பத்தில் 'ஜாக் ஆஃப் ஆல் ட்ரேட்ஸ்' என்று போட்டால், படிப்பவர் மனம் அதன் மறுபாதியான 'மாஸ்டர் ஆஃப் நன்' (எதிலும் தேர்ச்சி இல்லாதவர்) என்பதைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும்.

'நேக்' தலைகீழாகவும் ஓடும். 'ஹி ஹேஸ் எ நேக் ஃபார் சேயிங் த ராங் திங்.' சொல்லக் கூடாததைச் சொல்வதில் கைதேர்ந்தவர். பின்னால் வருவது கெட்ட விஷயம் என்றால் அது கிண்டல். அப்புறம், 'லைக் டேக்கிங் கேண்டி ஃப்ரம் எ பேபி' பாராட்டில் சேராது. எதிராளி அவ்வளவு பலவீனம் என்று சொல்கிறது, கொஞ்சம் அநியாயம் என்ற தொனியும் இருக்கும்.

8. ஒரே ஜாடை, வேறு ஆள்

இந்தத் தலைப்பில் இல்லாமல், இருப்பது போலத் தோன்றும் சில தொடர்கள் உண்டு. நான் திருத்திய தாள்களில் இவைதான் திரும்பத் திரும்ப வரும்.

'பார்ன் வித் எ சில்வர் ஸ்பூன் இன் ஹிஸ் மவுத்': பிறவி என்ற சொல் இருப்பதால் பிறவித் திறமை என்று நினைக்கிறார்கள். இது பணக்கார வீட்டில் பிறந்ததைச் சொல்கிறது. திறமைசாலியைப் பார்த்துச் சொன்னால், எல்லாம் அப்பன் காசு என்று ஆகிவிடும்.

'லைக் ரைடிங் எ பைக்': மிகச் சுலபம் என்று பொருள் இல்லை. ஒருமுறை கற்றால் மறக்காது என்று பொருள். பல வருடம் விட்டுப்போன ஒன்றைத் திரும்பத் தொடுபவரிடம்தான் சொல்ல முடியும். முதல்முறை கற்பவரிடம் சொன்னால் விழிப்பார்.

'எ நோ-ப்ரெய்னர்': சுலபமான வேலைக்கு வராது, யோசிக்கவே தேவையில்லாத முடிவுக்கு வரும்.

'ப்ளே இட் பை இயர்': 'இட்' இருந்தால், முன்கூட்டித் திட்டமிடாமல் நிலைமையைப் பார்த்து முடிவு செய்வது. 'ஷீ ப்ளேஸ் பை இயர்' என்று இசையைப் பற்றிச் சொன்னால், ஸ்வரக் குறிப்பு பார்க்காமல் கேட்டதை வைத்தே வாசிப்பது. நம் தலைப்புக்கு உரியது இரண்டாவதுதான்.

'லைக் வாட்டர் ஆஃப் எ டக்ஸ் பேக்': இதிலும் வாத்து, இதிலும் தண்ணீர். ஆனால் திட்டினாலும் உறைக்காதவரைப் பற்றியது. எருமை மாட்டின்மேல் மழை பெய்தது போல என்கிறோமே, அது.

9. எதிர்ப்பக்கம்

திறமை இல்லாததைச் சொல்லும் தொடர்கள் பெரும்பாலும் தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்ளத்தான். 'ஐ ஹேவ் டூ லெஃப்ட் ஃபீட்' ஆட்டத்துக்கு. 'ஐ ஆம் ஆல் தம்ப்ஸ்' கை வேலைக்கு. 'ஐ காண்ட் கேரி எ ட்யூன் இன் எ பக்கெட்' பாட்டுக்கு. 'ஐ ஆம் நாட் கட் அவுட் ஃபார் திஸ்' எதற்கு வேண்டுமானாலும், இந்தத் தொடர் 'நாட்' சேர்ந்துதான் அதிகம் வரும். உங்களைப் பற்றிச் சொன்னால் சிரிப்பு, இன்னொருவரைப் பற்றி அவர் முன்னால் சொன்னால் சண்டை.

10. அடுக்காதீர்கள்: ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

எல்லாம் பழகியவுடன் வரும் வியாதி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுவது. ஒருவர் எழுதியது இது:

'மை சிஸ்டர் இஸ் எ பீஸ் ஆஃப் கேக் இன் மியூசிக். ஷீ ஹேஸ் குட் இயர்ஸ். ஷீ டுக் லைக் எ டக் டு வாட்டர். ஷீ ப்ளேஸ் த வயலின் இன் ஹெர் ஸ்லீப், ஹேண்ட்ஸ் டவுன்.'

முதல் வாக்கியத்தில் கூடையே தவறு, எழுவாயும் தவறு. அதைத் திருத்துவதைவிடத் தூக்கிவிடுவது மேல், பின்னால் வருவதே போதும். இரண்டாவதில் காது பன்மையில் இருக்கிறது, செவித்திறன் பரிசோதனையில் தேறியது போலத் தொனிக்கிறது. 'ஷீ ஹேஸ் எ குட் இயர்' ஆக வேண்டும். மூன்றாவதில் ஒரு 'டு' குறைகிறது, எதில் இறங்கினாள் என்பது இல்லை. நான்காவதில் தங்கை உண்மையிலேயே தூக்கத்தில் வாசிக்கிறாள். போட்டியே இல்லாத இடத்தில் 'ஹேண்ட்ஸ் டவுன்' வேறு.

திருத்தியபின்:

'மை சிஸ்டர் ஹேஸ் எ குட் இயர். ஷீ டுக் டு த வயலின் லைக் எ டக் டு வாட்டர், அண்ட் ஆஃப்டர் டென் இயர்ஸ் ஆஃப் டெய்லி ப்ராக்டிஸ், ஈவன் த ஹார்டெஸ்ட் ஸ்கேல்ஸ் ஆர் செகண்ட் நேச்சர் டு ஹெர்.'

இதில் மூன்று தொடர்கள் இருந்தும் முட்டிக்கொள்ளவில்லை. காது பிறவியில் வந்தது, வாத்து தொடக்கத்தைச் சொல்கிறது, 'செகண்ட் நேச்சர்' பத்து வருடப் பழக்கத்தைச் சொல்கிறது. ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் காலவரிசையில் நிற்கின்றன. இப்படி வரிசை இல்லாவிட்டால் ஒரு பத்திக்கு ஒரு தொடர் போதும்.

தொடருக்குள் கை வைப்பதும் வேண்டாம். 'பீஸ் ஆஃப் கேக்' என்பதை 'ஸ்லைஸ் ஆஃப் கேக்' ஆக்கினால் அது தின்னும் பண்டம் மட்டுமே. இடையில் அடைமொழி செருகுவதும், இரண்டு தொடரைப் பாதிப் பாதியாக ஒட்டுவதும் மொழியில் நன்றாக ஊறிய பிறகு செய்ய வேண்டிய விளையாட்டு.

11. பழகும் வரிசை

முதல் வாரம் ஐந்தே தொடர்கள்: 'எ நேக் ஃபார்', 'கம்ஸ் நேச்சுரலி டு', 'செகண்ட் நேச்சர்', 'எ பீஸ் ஆஃப் கேக்', 'மேக் இட் லுக் ஈஸி'. மூன்று கூடையும் இதில் அடங்கிவிடும், இரண்டு எழுவாய் வகையும் வந்துவிடும். மீதியை எல்லாம் கேட்கும்போது புரிந்தால் போதும்.

நீங்கள் எழுதி வைத்த பத்து வாக்கியங்களையும் இந்த ஐந்தைக் கொண்டே சொல்ல முயலுங்கள். சிலவற்றில் ஒட்டாது. ஒட்டாத இடத்தில் வலுக்கட்டாயமாகத் திணிக்காமல் 'ஷீ இஸ் வெரி குட் அட் இட்' என்று நேராகச் சொல்லிவிடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. அந்த வாக்கியத்தின் பக்கத்தில் மட்டும் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் உடலுறுப்புத் தொடர்களை எடுக்கும்போது புள்ளி வைத்த வாக்கியங்களில் பல தீர்ந்துவிடும்.

பேச்சில் பயன்படுத்தும் முன் ஒவ்வொன்றையும் எழுத்தில் இரண்டு முறையாவது எழுதிப் பாருங்கள். எழுதும்போது 'ஃபார்' வந்ததா, இரண்டாவது 'டு' வந்ததா என்று நின்று பார்க்க முடியும். பேசும்போது முடியாது. ஐயம் வந்தால் அகராதியில் தொடரின் பொருளைப் பார்க்காமல் எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கு நேராகப் போங்கள், அதில் எழுவாயாக நிற்பது ஆளா வேலையா என்று முதலில் பாருங்கள்.